பீர் கம்பெனி பேரில் ஒரு தீவு

ஸ்டேடியத்துக்குத் தன் பேரை வைக்கச் சொல்லி கம்பெனிக்காரன் காசு கொடுத்தா அதுக்குப் பேரு 'நேமிங் ரைட்ஸ்'னு மார்க்கெட்டிங் வகுப்புல சொல்லித் தர்றாங்க. ஏதோ நேத்து வந்த ஐடியா மாதிரி! நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தீவுக்கு இது நடந்திருக்கு மக்களே.

கனடா மேப்புல வடக்கே போய்க்கிட்டே இருங்க. எல்ஸ்மியர் தீவுக்கு மேற்கே அக்சல் ஹைபர்க்னு ஒண்ணு இருக்கும். 43,178 சதுர கி.மீ. சுவிட்சர்லாந்தை விடப் பெரிசு, ஆனா நிரந்தரமா குடியிருக்க ஒரு ஆள் கிடையாது. கோடையில ஆராய்ச்சிக்காரங்க வந்து போறதோட சரி.

இந்த ஹைபர்க் மாலுமியும் இல்லை, அங்கே போனவரும் இல்லை. நார்வேயில ரிங்னெஸ் பீர் கம்பெனியோட நிதிப் பொறுப்பைப் பார்த்தவர். 1898-லிருந்து 1902 வரை ஓட்டோ ஸ்வெர்ட்ரப் 'ஃப்ராம்' கப்பல்ல போன பயணத்துக்குப் பணம் போட்டவங்க இவரும் ரிங்னெஸ் அண்ணன் தம்பியும்தான். பக்கத்துத் தீவுகள் ரெண்டுக்கு எல்லெஃப் ரிங்னெஸ், அமுண்ட் ரிங்னெஸ்னு பேரு. போட்ட காசுக்கு ஆளுக்கொரு தீவு! இனுயிட் மக்கள் பேச்சுல அக்சல் ஹைபர்க் தீவு 'உமிங்மாட் நூனாத்', அதாவது கஸ்தூரி எருதுகளோட நிலம். எனக்கென்னவோ அதுதான் பேரு மாதிரி இருக்கு. அந்த எருது நிஜமாவே அங்கே மேயுது.

அமெரிக்கர் ராபர்ட் பியரி கதை இன்னும் தமாஷ். 1906-ல இதே தீவோட வடமுனைக்குப் போனார். அந்த முனைக்கு தாமஸ் ஹப்பர்ட்னு பேரு வச்சார் (யாருன்னு கேக்கணுமா? அவரும் பணம் கொடுத்தவர்தான்). அங்கிருந்து தூரத்துல புது நிலம் தெரிஞ்சுதுன்னு எழுதி, 50,000 டாலர் கொடுத்த ஜார்ஜ் க்ராக்கர் பேரால 'க்ராக்கர் லேண்ட்'னு சொன்னார். 1914-ல மேக்மில்லன் குழு உறைஞ்ச கடல் மேல நடந்து போய்த் தேடினா, நிலமே இல்லை. கானல் நீர் மாதிரி ஒரு தோற்றம். பாவம் க்ராக்கர், போட்ட முதல் மொத்தமும் ரைட் ஆஃப்.

ஸ்வெர்ட்ரப் கண்டுபிடிச்சது எல்லாம் நிஜ நிலம். ஆனா நார்வே 1930-ல அந்தத் தீவுகள் மேல உரிமை கேக்கறதை விட்டுடுச்சு. ஸ்வெர்ட்ரப்போட வரைபடங்களுக்கும் குறிப்புகளுக்கும்னு சொல்லி கனடா அவருக்கு 67,000 டாலர் கொடுத்துச்சு. தீவுக்குன்னு ஒரு பைசா இல்லை, கவனிங்க. அதே நவம்பர் மாசக் கடைசியில அவர் இறந்துட்டார்.

பீர்க்காரங்க பேரு மட்டும் மேப்புல அப்படியே இருக்கு, புதுப்பிக்கிற கட்டணம்கூட இல்லாம.