தாத்தா காதும் ஃபைவ் பாயிண்ட் ஒன்னும்

தியேட்டரில் சத்தம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் விசில். அப்புறம் திரும்பி, புரொஜக்டர் ஓட்டையைப் பார்த்து, ‘யோவ் ஆப்பரேட்டர், சவுண்டு!’ ஆனால் வீட்டிலேயே ஹோம் தியேட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் வம்பு. அங்கே நாமேதான் ஆப்பரேட்டர். யாரைத் திட்டுவது?

ஃபிலிம் ஓடிய காலத்தில் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு இருந்தது. 1992-ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு வந்த டால்பி டிஜிட்டலில், ஃபிலிம் ஓரத்து ஓட்டைகளுக்கு நடுவே சத்தம் புள்ளி புள்ளியாக அச்சாகியிருக்கும். 1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ கொண்டுவந்த டிடிஎஸ்ஸில் சத்தம் தனியாக சி.டி.யில் இருக்கும். எதுவாக இருந்தாலும், டிஜிட்டல் தகராறு செய்தால் ஃபிலிமில் கூடவே ஓடும் பழைய டிராக்குக்கு மெஷின் தானாக மாறிவிடும். டைனோசர் ஜலதோஷம் பிடித்த மாதிரி உறுமும். ஆனால் உறுமும். வீட்டு டிஜிட்டலுக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் மௌன விரதம்.

இந்த மௌன விரதம் ஒரு பெரியவரைச் செவிடர் ஆக்கப் பார்த்த கதை இது.

ஆரணிப் பக்கம் சந்தவாசல். வேலூரிலிருந்து போளூர் போகிற ரோட்டில், படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குத் திரும்புகிற ஊர். என் மாமா அங்கே பட்டுத் தறிக்காரர். முன்கூடத்தில் தறி, உள் அறையில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர், நடுநாயகமாக ரிசீவர். மாமா போன் பண்ணினார்.

‘மாப்ளே, சென்னையில நல்ல காது டாக்டரா விசாரி. தாத்தாவுக்கு மெஷின் வெக்கணும். டி.வி. பாக்கறப்போ பாதிப் பேச்சு கேக்கலைங்கறாரு.’

ஊருக்குப் போனேன். தாத்தா ரொம்ப அடங்கிப் போயிருந்தார். ‘என்னப்பா சொன்னே?’ என்று இரண்டாம் தரம் கேட்டால் பேரப்பிள்ளைகள் சிரிக்கின்றனவாம். அதனால் மூன்று மாதமாகப் பேச்சையே குறைத்துக்கொண்டுவிட்டார். ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர், வீட்டில் யார் கூப்பிட்டாலும் சும்மா தலையை மட்டும் ஆட்டினார்.

மத்தியானம் அவரோடு சினிமா பார்க்க உட்கார்ந்தேன். விளம்பரம் முடிந்தது. கதாநாயகன் வாயைத் திறந்தான். சத்தம் இல்லை. ஒரு இரண்டு செகண்டு கழித்து பாதி வசனம் வந்தது.

‘பாத்தியா கண்ணு, எனக்குக் கேக்கலை’ என்றார் தாத்தா.

எனக்கும்தான் கேட்கவில்லை. எனக்கு வயசு இருபத்தொன்பது.

விஷயம் தாத்தாவின் காதில் இல்லை, மெஷினில் என்று அறிவித்ததும் வீட்டில் ஆளுக்கொரு டாக்டர் ஆனார்கள். ‘வோல்டேஜ்தான். ஸ்டெபிலைசர் போடு’ என்றார் மாமா. ‘வயரை மாத்து’ என்றான் மச்சான். ‘வாங்கின அன்னிக்கே தெரு பூரா வந்து பாத்துச்சு. கண்ணு பட்டிருக்கும்’ என்று அத்தை எலுமிச்சம்பழம் எடுக்கப் போனார்.

தாத்தா மட்டும் நிதானமாகக் கேட்டார்: ‘பாவுல ஒரு இழை அறுந்தா தறியையே பிரிப்பாங்களா? எந்த இழைன்னு மொதல்ல பாரு.’

அதையே செய்தேன். முதலில் ஒரு பேப்பரில், சத்தம் போகும் நேரத்தைக் குறித்தேன். ஒவ்வொரு தடவையும் சினிமாவிலிருந்து விளம்பரத்துக்கும், விளம்பரத்திலிருந்து சினிமாவுக்கும் மாறும்போதுதான் போனது. வோல்டேஜ் விளம்பர இடைவேளை பார்த்தா குறையும்? மாமாவின் ஸ்டெபிலைசர் செலவு மிச்சம்.

அடுத்து, ரிசீவரை விட்டுவிட்டு டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டேன். ஒரு வார்த்தை போகவில்லை. ஆகவே சேனல் நிரபராதி. ஒரு பென்டிரைவில் படம் போட்டு நேராக ரிசீவரில் செருகினேன். இரண்டு மணி நேரம் கணீரென்று பேசியது. ரிசீவரும் ஸ்பீக்கரும் நிரபராதிகள். கடைசியாக வயரை மாற்றினேன். சத்தம் பழையபடி போனது. வயருக்கும் விடுதலை.

மிச்சம் இருந்தது, செட்டாப் பாக்ஸ் சத்தத்தை எந்த வடிவத்தில் அனுப்புகிறது என்பதுதான். அது ‘ஆட்டோ’வில் இருந்தது. அதாவது, வந்ததை வந்தபடியே பொட்டலமாகத் தள்ளிவிடும். சினிமா ஒரு மாதிரிப் பொட்டலம், விளம்பரம் வேறு மாதிரிப் பொட்டலம். பொட்டலம் மாறும்போதெல்லாம் ரிசீவர் வாயை மூடிக்கொண்டு, ‘இது என்ன சரக்கு?’ என்று ஆராய்ச்சி செய்யும். அந்த ஆராய்ச்சி நேரம்தான் தாத்தா இழந்த இரண்டு செகண்டு. ராத்திரி மற்றவர்கள் டி.வி.யில் இன்டர்நெட் வழியாக விளம்பரம் இல்லாமல் படம் பார்த்ததால், அவர்களுக்கு இந்தத் தொல்லையே தெரியவில்லை. மத்தியானம் தனியாக உட்கார்ந்த மனுஷனுக்கு மட்டும் செவிட்டுப் பட்டம்.

பாக்ஸின் மெனுவில் போய், சவுண்டு அவுட்புட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றினேன். இனி பாக்ஸே பொட்டலத்தைப் பிரித்து, ஒரே மாதிரியாக அனுப்பும். பாக்ஸ் வழியாக வருவது இரண்டு சேனல் ஸ்டீரியோவாகத்தான் கேட்கும். ஆனால் டி.வி.யின் செட்டிங்கைத் தொடாததால், ராத்திரிப் படத்தின் ஐந்து ஸ்பீக்கர் ஆர்ப்பாட்டத்துக்குக் குறைவில்லை. செலவு: பூஜ்யம். எலுமிச்சம்பழம் ஜூஸ் ஆனது.

மறுநாள் விளம்பரம் முடிந்தது, கதாநாயகன் வாயைத் திறந்தான், முழு வசனமும் வந்தது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தறிப்பக்கம் போய், மாமாவிடம் ஏதோ நூல் கணக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் சண்டை போட்டார். மூன்று மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது என்றார் அத்தை.

உங்கள் வீட்டிலும் சத்தம் விட்டு விட்டு வந்தால், கடைக்கு ஓடுவதற்கு முன்னால் எப்போது போகிறது என்று எழுதுங்கள். பிறகு ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாமானை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. பெரியவர்களின் காதைச் சந்தேகப்படுவது கடைசியாக இருக்கட்டும்.

காது டாக்டரிடமும் கூட்டிப் போனோம். வயசுக்கு ஏற்ற மந்தம், மெஷின் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார். போன வாரம் மாமா போன் பண்ணினார். பக்கத்தில் டி.வி. அலறியது. பின்னாலிருந்து தாத்தாவின் குரல்:

‘ஏண்டா, கொஞ்சம் கொறச்சு வெய்யி. எனக்கென்ன காதா கேக்கலை?’