குளிர் தேசத்தில் ஓர் எலுமிச்சை



தென்னாட்டிலிருந்து பிழைப்பின் நிமித்தம் வடக்கே வந்து குடியேறிய குடும்பங்களில், ஊரிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றையோ ஒரு கைப்பிடி எலுமிச்சை விதையையோ கொண்டு வராத குடும்பம் அநேகமாய் இராது. டெல்லியிலும் சண்டிகரிலும் டேராடூனிலும் நம்மவர்களுடைய மாடிகளில் அவை தொட்டிகளில் நிற்கின்றன. டிசம்பரில் அவற்றின் இலை சுருளும்; ஜனவரியில் கருகும்; பிப்ரவரியில் வெறுங்குச்சியாகும். "நம்ம ஊர்ச் செடிக்கு இந்த ஊர்க் குளிர் ஆகாது" என்று சொல்லித் தொட்டியைக் காலி செய்துவிடுகிறோம். அப்படிச் செய்வதற்கு முன், ஒரு மரம் குளிரைத் தாங்குவது எவ்விதம் என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். அதை அறிந்துகொண்டது எங்கள் வீட்டில் ஒரு மரத்துக்கு மாத்திரம் அல்ல, என் தாயாருக்கும் பிரயோஜனமாயிற்று. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

என் தாய்வீடு புளியங்குடிக்கு அருகில் உள்ளது. எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர் அது. எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றடியில் ஓர் எலுமிச்சை மரம் நின்றது. 2006ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்குச் சென்றபோது அதன் பழத்திலிருந்து ஐந்து விதைகளை எடுத்து வந்து டேராடூனில் ஊன்றினேன். அப்போது ஒரு விசித்திரத்தைக் கண்டேன். சில விதைகளிலிருந்து இரண்டு முளைகள் எழும்பின, ஒன்றிலிருந்து மூன்று. அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. அவற்றில் திடமாய் வளர்ந்த ஒன்றை முற்றத்தில் நட்டேன்.

2012இல் தகப்பனார் காலமானபின் ஊர் வீடு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் புதுக் கட்டடத்துக்காகப் பின்கட்டை வெளியாக்கினார்கள். கிணற்றடி மரமும் போயிற்று. அதற்குப்பின் அந்த மரத்தின் வம்சமாய் மீந்திருந்தது எங்கள் முற்றத்து மரம் ஒன்றே. மறு ஜனவரியில், 2013இல், வட இந்தியா முழுவதும் கடுங்குளிர் வீசியது. புல்லின்மேல் வெண்பனி உறைந்திருந்த ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். டிசம்பர் நடுப்பகுதி வரையில் காயும் வெயிலில் விட்டிருந்த இளந்துளிர்கள் வெந்த கீரையைப்போல் தொங்கின. ஒரு வாரத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, அடிமரத்தில் பட்டை வெடித்தது.

மரத்தைக் கொல்லுவது எது?

குளிர்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு பேரிழப்பு வேறொரு பதிலைத் தருகிறது. 1894 டிசம்பர் 29ஆம் தேதி அங்கே கடும் உறைபனி விழுந்தது. காய்த்துத் தொங்கின ஆரஞ்சுப் பழங்கள் நாசமாயின; இலைகள் உதிர்ந்தன. ஆயினும் பெரும்பாலான மரங்கள் உயிரோடிருந்தன. அதற்குப்பின் ஜனவரி மாதம் இதமாயிருந்தது. மரங்களில் சாறு ஏறியது, புதுத்துளிர் வந்தது, விவசாயிகள் ஆறுதல் அடைந்தார்கள். 1895 பிப்ரவரி 7, 8 தேதிகளில் மறுபடியும் உறைபனி வந்தது. முதற்குளிரைப் பிழைத்த மரங்கள் இரண்டாவதில் பட்டை பிளந்து, தரைமட்டம் வரைக்கும் மாண்டன. அம்மாநிலத்தின் விளைச்சல் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் சென்றன.

இடையில் வந்த அந்த இதமான நாட்களே மரங்களை ஏமாற்றின. எலுமிச்சை இனத்து மரங்கள் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே வெப்பம் தணிந்தால் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அவ்வாறு சில வாரங்கள் படிப்படியாய்க் குளிர்ந்து வந்தால், மரம் தன் உயிரணுக்களில் சர்க்கரையைச் சேர்க்கிறது, நீர்ச்சத்தைக் குறைக்கிறது, உறைபனிக்கு ஆயத்தமாகிறது. அவ்விதம் ஓய்வுக்குச் சென்ற மரம் தாங்குகிற குளிரை, துளிர்விட்டு நிற்கிற அதே மரம் தாங்குவதில்லை.

எல்லா இனங்களும் ஒன்றுபோல ஓய்வதும் இல்லை. நம் எலுமிச்சையும் கிடாரங்காயும் வருஷம் முழுவதும் துளிர்த்துப் பூக்கிறவை. ஆகையால் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரியிலேயே சேதமடைகின்றன. சாத்துக்குடி, ஆரஞ்சு வகைகள் அதிலும் சற்றுத் தாங்கும். ஜப்பானியர்கள் வளர்க்கும் சட்சுமா ஆரஞ்சு, நன்றாய் ஓய்ந்திருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி வரைக்கும் தாங்கக்கூடியது. இவை எல்லாவற்றுக்கும் அப்பால் சீனாவைத் தாயகமாகக் கொண்ட மூவிலை ஆரஞ்சு என்ற முட்செடி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு ஓய்வதால், அது பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியையும் தாங்கி நிற்கிறது. அதன் பழமோ கசப்பும் பிசினுமாய் வாயில் வைக்க முடியாதது.

கனியாகாதது வேராயிற்று

புளோரிடாவின் அழிவைக் கண்ட அமெரிக்க வேளாண்மைத் துறை, 1897 முதற்கொண்டு ஒரு முயற்சியில் இறங்கியது. வால்டர் ஸ்விங்கிள், ஹெர்பர்ட் வெப்பர் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த மூவிலைச் செடியையும் இனிப்பு ஆரஞ்சையும் மகரந்தச் சேர்க்கை செய்தார்கள். ஒன்றின் திடமும் மற்றதன் இனிமையும் ஒரே மரத்தில் கூடிவர வேண்டும் என்பது அவர்களுடைய வாஞ்சை. பிறந்த கலப்பினங்களுக்கு சிட்ரேஞ்ச் என்று பெயரிட்டார்கள். அவை குளிரைத் தாங்கின. ஆனால் பழத்தில் தகப்பனின் கசப்பு மாறவில்லை. நல்ல ஆரஞ்சின் சுவை கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பிரயாசம் வீணாய்ப் போகவில்லை. இவ்வகைச் செடிகள் வேராய் நின்று, மேலே ஒட்டப்பட்ட நல்ல மரத்தைத் தாங்கவல்லவை என்பது பின்னால் தெரிந்தது. டிராயர், கரிசோ என்னும் சிட்ரேஞ்ச் வகைகள் பிற்காலத்தில் கலிபோர்னியா முதலிய இடங்களில் இலட்சக்கணக்கான ஆரஞ்சு மரங்களுக்கு வேர்ச்செடிகளாயின. டிரிஸ்டெசா என்னும் வைரஸ் நோயினால் பழைய வேர்கள் அழிந்தபோது இவை நிலைநின்றன. ஜப்பானிலோ மூவிலைச் செடியையே வேராக வைத்து சட்சுமாவை வளர்க்கிறார்கள். குளிர் தொடங்கும்போது அந்த வேர் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. மேலே உள்ள மரத்தையும் சீக்கிரம் ஓயச் செய்கிறது. அதனால் மரம் கூடுதலாய்ச் சில டிகிரி குளிரைத் தாங்குகிறது.

இதை அறிந்தபோது என் உள்ளத்தில் ஒரு நம்பிக்கை உண்டாயிற்று. எங்கள் மரம் மார்ச் மாதத்தில் அடியிலிருந்து நான்கைந்து துளிர் விட்டிருந்தது. மலையூர்களுக்கு மால்டா ஆரஞ்சுக் கன்றுகள் கட்டிக் கொடுக்கிற கட்வாலிப் பெரியவர் ஒருவர் எங்கள் பகுதியில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். அவரிடம் மூவிலை நாற்றுகள் இருந்தன. 2013 ஆகஸ்டு மழையில், எங்கள் துளிர்களிலிருந்து மொட்டுகளைச் சீவி எடுத்து, மூன்று நாற்றுகளில் வைத்துக் கட்டித் தந்தார். இரண்டு பிடித்தன.

"நம்ம எலுமிச்சையா இருக்குமா?"

அந்த நாட்களில் அம்மா தென்காசியில் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு 71 வயது; அதுவரை ஒரு குளிர்காலத்தையும் கண்டறியாதவர்கள். எங்களோடு வந்திருக்கச் சம்மதித்தபோது, அண்ணன் டிசம்பர் விடுமுறையில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். மரத்தைப் பற்றி அறிந்ததெல்லாம் என் மனதில் நின்றபடியால், "வேண்டாம் அண்ணா, செப்டம்பரிலேயே அனுப்பிவையுங்கள்" என்றேன். ஒவ்வொரு வாரமும் கொஞ்சங்கொஞ்சமாய்க் குளிர் ஏறுகிற காலம் அது. முதலில் மெல்லிய போர்வை, பிறகு காலுறை, பிறகு கம்பளி. குளியல் காலையிலிருந்து நண்பகலுக்கு மாறியது. ஜனவரி வந்தபோது அம்மா அதற்கு ஆயத்தமாயிருந்தார்கள்.

வந்த மறுநாளே ஒட்டுக்கன்றைக் காட்டினேன். அம்மா குனிந்து, கட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்கள். "ஏளா, வேற சாதி வேருல கொண்டு வச்சிருக்கியே, இது நம்ம எலுமிச்சையா இருக்குமா?" என்று கேட்டார்கள்.

ஊரை விட்டு வந்த எவருக்கும் இந்தக் கேள்வி மரத்தைப் பற்றியது மாத்திரம் அல்லவே! பதில் சொல்லுவதற்காகத் தேடியபோதுதான், முன்பு ஒரே விதையிலிருந்து எழும்பிய அந்த மூன்று முளைகளின் இரகசியம் விளங்கியது. எலுமிச்சை இனத்தின் அநேக வகைகளில், விதைக்குள் மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் கருவோடு, தாய்மரத்தின் திசுவிலிருந்தே வேறு கருக்களும் உருவாகின்றன. அவற்றில் தகப்பனின் பங்கு எதுவுமில்லை. அவை தாய்மரத்தின் மறுபதிப்பே. பெரும்பாலும் அவையே திடமாய் முளைக்கின்றன. ஆகவே எங்கள் முற்றத்து மரம் கிணற்றடி மரத்தின் பிள்ளை என்பதைவிட, பெரும்பாலும் அந்த மரமேதான் எனலாம்.

இதே காரணத்தால்தான் இவ்வினத்தில் புது வகை உண்டாக்குவது கடினம். ஆராய்ச்சியாளர் எத்தனை கவனமாய்ச் சேர்க்கை செய்தாலும், முளைப்பவற்றில் பெரும்பாலானவை தாயின் நகல்களாகவே இருக்கும். மெய்யான கலப்பினத்தைப் பொறுக்கி எடுத்து, அது பூத்துக் காய்க்கும் வரை பல வருஷங்கள் காத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் ஹாவர்ட் ஃப்ராஸ்ட் என்பவர் இவ்விஷயத்தை நுணுகி ஆராய்ந்தவர். ஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உறைபனி என்று பொருள் என்பதும் வேடிக்கைதான். அவர் 1915இல் செய்த ஒரு சேர்க்கையில் பிறந்து, இருபது ஆண்டுகள் சோதிக்கப்பட்டு, 1935இல் வெளியிடப்பட்ட பழமே கின்னு. நாமிருக்கும் வட இந்திய நகரங்களில் குளிர்காலமெல்லாம் தள்ளுவண்டிகளில் குவிந்திருக்கிறதே, அந்தக் கின்னுதான்! அதுவும் நம்மைப்போல் வேறிடத்தில் பிறந்து பஞ்சாபில் குடியேறினதே.

ஒட்டின் விதி இதுதான் என்று அம்மாவுக்குச் சொன்னேன். வேர், மரத்தின் உயரத்தையும் திடத்தையும் ஓய்வுக் காலத்தையும் பாதிக்கும். பழத்தின் அளவையும் புளிப்பையும்கூடச் சற்று மாற்றக்கூடும். ஆனால் எலுமிச்சை மொட்டிலிருந்து எலுமிச்சையே வரும். அம்மா அதை நம்பினதாகத் தெரியவில்லை. "காய்க்கட்டும், பாப்போம்" என்றார்கள்.

பட்டை வெடித்த மூலமரம் 2015 ஜனவரியில் முற்றிலும் பட்டுப்போயிற்று. தென்சுவரை ஒட்டி நட்டிருந்த ஒட்டுக்கன்று பாதி இலைகளை இழந்தும் பிழைத்தது. 2016இல் பதினொரு காய்கள் காய்த்தன. அம்மா ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் பேசவில்லை. உப்பையும் ஜாடியையும் எடுத்து வரச் சொன்னார்கள்.

எட்டுக் குளிர்காலங்கள் எங்களோடிருந்து, 2021இல் அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்கள். மரம் நிற்கிறது. அதன் மொட்டுகளை இதுவரை டெல்லியிலும் சண்டிகரிலும் உள்ள நான்கு குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டிலும் இவ்விதச் செடி இருக்குமானால், இவற்றை நினைவில் வையுங்கள்:

செப்டம்பருக்குப்பின் தழைச்சத்து உரம் இடாதேயுங்கள்; கிளைகளைக் கத்தரிக்கவும் வேண்டாம். இரண்டும் இளந்துளிரை வரவழைக்கும். குளிர் முதலில் துளிரைத்தான் பிடிக்கும்.

தெற்கு நோக்கிய சுவரோரத்தில் வையுங்கள். பகலில் சுவர் வாங்கின வெப்பம் இரவில் மரத்துக்குக் கிடைக்கும்.

உறைபனி வருமென்று தோன்றினால், முந்தின நாள் பகலில் மண்ணை நனையுங்கள். ஈரமண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைத் தேக்கி வைக்கும்.

சாக்கையோ பழைய போர்வையையோ தரையைத் தொடும்படி மூடுங்கள். மண்ணிலிருந்து எழும் வெப்பம் உள்ளே தங்கும். காலையில் வெயில் ஏறினதும் எடுத்துவிடுங்கள்.

ஒட்டுக்கன்றானால், ஒட்டுக்கு மேலே ஒரு சாண் உயரம் வரை உலர்ந்த மண்ணை அணைத்து வையுங்கள். மேலே எல்லாம் கருகினாலும் ஒட்டு பிழைத்தால் உங்கள் மரம் மறுபடியும் துளிர்க்கும். மார்ச்சில் அந்த மண்ணை விலக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் பட்டை அழுகும். ஒட்டுக்குக் கீழிருந்து மூவிலைத் துளிர் வந்தால் உடனே கிள்ளிப் போடுங்கள்.

கருகின கிளையை ஜனவரியிலேயே வெட்டிவிடாதேயுங்கள். மார்ச் வரைக்கும் காத்திருங்கள். எது மரித்தது, எது உயிரோடிருக்கிறது என்பதை மரமே அப்போது காட்டும்.

அருமையானவர்களே, ஊரிலிருந்து வயதான தாய் தகப்பனை அழைத்து வருகிறவர்களும் இதைக் கவனியுங்கள். விடுமுறையும் பயணச்சீட்டும் வசதிப்படுகிற மாதத்தில் அல்ல, அவர்களுடைய சரீரம் பழகிக்கொள்ளக்கூடிய மாதத்தில் அழைத்து வாருங்கள். இங்கேயே பிறந்து, இந்த மண்ணில் வேர்விட்டு வளருகிற நம் பிள்ளைகளைப் பார்த்து, "இவர்கள் நம்மவர்களாய் இருப்பார்களா?" என்று கலங்குகிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குளிரைத் தாங்க இந்த ஊர் வேர் அவர்களுக்கு அவசியம். அதைக் குறித்து வருந்தாதேயுங்கள். அவர்களில் வைத்துக் கட்டின மொட்டு காயாதபடிக்கு மாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள்.