யார் கொடுத்த கூலி?

35 ஆண்டுகளுக்கு முன் நான் பம்பாய் மாதுங்காவில் வந்து இறங்கியபோது, எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் ஒரு தரகர். ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்டார். அதிகம் என்று வாதாடினேன். ஆயினும் அவரிடம் குறை காணவில்லை. எவ்வளவு பெறுகிறார், எதற்காகப் பெறுகிறார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார் அல்லவா?

அந்தத் தரகரை எனக்கு மீண்டும் நினைவூட்டியவன் என் மகன்.

2024-ஆம் ஆண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்த காலத்தில் அவன் கைப்பேசி வாயிலாகப் பணம் ஈட்டத் தொடங்கினான். நண்பர் குழுக்களுக்கு ஓர் இணைப்பை அனுப்பும் விளம்பர வேலை என்றான். உத்தியோகம் கிடைக்காதிருந்த பிள்ளை வீட்டுக்கு மளிகை வாங்கி வந்தான். நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக் கொண்டேன். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

ஒரு நாள் கீழ்த்தளத்து நண்பர் வந்தார். அவருடைய மகன் அந்த இணைப்பின் வழியே சூதாட்டத் தளம் ஒன்றில் சேர்ந்து, தங்கையின் திருமணத்துக்கென்று வைத்திருந்த பணத்தை இழந்துவிட்டான். நண்பர் சினந்து பேசவில்லை. "உங்கள் பிள்ளை சொன்னதால் நம்பினான், சார்" என்றார். அவ்வளவே.

அன்றிரவு மகனிடம் முழுவதையும் கேட்டேன். அனுப்பியவர் யாரென்று காட்டும் குறியீடு ஒவ்வோர் இணைப்பிலும் உண்டாம். சேர்ந்த ஆளுக்கு இவ்வளவு என்று தொகை தருவது ஒரு முறை; அந்த ஆள் தோற்கும் பணத்தில் பங்கு தருவது மற்றொரு முறை. என் மகன் பெற்றது பங்கு. அடுத்த வீட்டுப் பிள்ளை தோற்றால் எங்கள் வீட்டில் அடுப்பெரியும்! வெல்லலாம் என்று ஆசை காட்டியவன், தோல்வியில்தான் தனக்குக் கூலி என்பதை எவரிடமும் சொல்லவில்லை.

சட்டம் உறங்கிவிடவில்லை. கூலி பெற்றுப் பரிந்துரைப்போர் அத்தொடர்பை வெளியிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வகுத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அவற்றை விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஆயினும் நண்பன் நண்பனுக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் சட்டம் காவல் நிற்க இயலுமா?

என் மகன் தான் பெற்ற தொகை முழுவதையும் நண்பரிடம் கொடுத்தான். எவ்வளவு பெற்றான், எதற்காகப் பெற்றான் என்பதை அதே குழுவில் எழுதினான். அவர் இழந்ததில் அது ஒரு சிறு பகுதியே. ஆயினும் அவர் இன்றும் படிக்கட்டில் கண்டால் நின்று பேசுகிறார்.

அயலூரில் வாழும் நமக்கு ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதே முதல். ஆகவே, அன்பர்களே, ஆதாயம் காட்டி யாரேனும் அழைத்தால், "உமக்குக் கூலி கொடுப்பவர் யார்?" என்று கேளுங்கள். பணம் கொண்டு வருவது சொந்தப் பிள்ளையே ஆனாலும் கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.