வெள்ள எச்சரிக்கை யாருக்குப் புரிகிறது?

இந்த முறை கொஞ்சம் சீரியஸான விஷயம்.

எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலில் அணை எதுவும் கிடையாது. "அப்புறம் உனக்கென்னடா அணையைப் பத்திக் கவலை?" என்று ஒரு நண்பன் கேட்டான். அணை இல்லாவிட்டால் என்ன, சுற்றிலும் ஏரிகள் இருக்கின்றனவே! தெற்கே செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அதையும் தாண்டினால் மதுராந்தகம் ஏரி. மதுராந்தகம் நிரம்பினால் உபரி நீர் கிளியாற்றில் பாயும். மழைக்காலத்தில் "கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று செய்தி வரும். நாமும் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி நடந்தது நினைவிருக்கும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அன்று இரவு அடையாற்றின் கரையில் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. அதை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்றே மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை பின்னர் சொன்னது.

தண்ணீர் திறந்தது சரியா தவறா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். 29,000 கன அடி என்றால் எவ்வளவு? என் வீட்டில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். கணக்குப் போட்டால் வினாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 68, ஒரே வினாடியில்! இப்படிச் சொன்ன பிறகுதான் அம்மா "ஐயோ" என்றார்.

இதே கதை 2024 டிசம்பரிலும் நடந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையோரம் பெரும் சேதம். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. முன்னறிவிப்பே இல்லை என்றார்கள் எதிர்க்கட்சியினர். என்னைக் கேட்டால், எத்தனை முறை எச்சரித்தோம் என்பதைவிட எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதுதான் முக்கியம்.

கன அடிக் கணக்கு பொறியாளருக்குப் போதும். ஆற்றங்கரையில் குடிசையில் இருக்கும் பாட்டிக்குத் தேவை மூன்றே விஷயங்கள்: தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எங்கள் தெருவில் எவ்வளவு உயரம் வரும், நான் எங்கே போக வேண்டும்?

இதற்குப் பெரிய செலவு ஆகாது. பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று மின்கம்பத்திலும் பள்ளிச் சுவரிலும் பெயிண்டால் கோடு போடலாம். செல்போனுக்கு வரும் எச்சரிக்கையைக் கோயில் மைக்கிலும் மசூதி ஒலிபெருக்கியிலும் தண்டோராவிலும் திரும்பச் சொல்லலாம். செல்போன் இல்லாதவர்கள், நடக்க முடியாதவர்கள் யார் யார் என்று தெருவுக்கு இரண்டு பேர் பட்டியல் வைத்திருக்கலாம். ஐப்பசி பிறக்கும் முன் பள்ளிகளில் ஒருநாள் ஒத்திகை நடத்தலாம்.

நாம் என்ன செய்யலாம்? மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். எச்சரிக்கை வந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மேட்டுக்குக் கிளம்புங்கள். பாலத்தில் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள்.

இன்று இரவே பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கன அடிக் கணக்கை லாரிக் கணக்காகச் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை செய்தி வரும்போது அவர் கவனித்துக் கேட்பார்.