எம் இல்லத்துப் பூனை

சங்கத்தின் திங்களிதழில் ஒரு பூனைக்காக இடம் கேட்பது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். பூனை வளர்க்கும் அன்பர்களாவது எம் பக்கம் நிற்பார்கள் என்னும் துணிவோடு தொடங்குகிறோம்.

எமது வீடு சாம்பியன் ரீஃபில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுள் ஒன்று. அன்னை, மனைவி, மக்கள் இருவர், நாம் என ஐவருக்கே இடம் போதாத அவ்வீட்டில், சென்ற மாரிக்காலத்தில் மூத்த மகள் ஒரு குட்டியைப் பாவாடையில் பொதிந்து கொணர்ந்தாள். உடலெங்கும் காசு சிதறினாற்போலப் புள்ளிகள். குமாஸ்தா வீட்டுப் பூனையல்லவா? 'சில்லறை' என்றே பெயரிட்டோம்.

அன்னை பூக்கட்ட அமர்ந்தால் நாரின் மறுமுனை சில்லறையின் காலில் இருக்கும். விடியலில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் பெங்களூர் வண்டியைப் பிடிக்க நாம் விரையும்போது காலுறை ஒன்றுதான் கிடைக்கும். மற்றொன்று அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும். மேசை விளிம்பில் உள்ள டம்ளரை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தள்ளும். விழுந்ததும், கணக்குச் சரிபார்ப்பதுபோல எட்டிப் பார்க்கும். இவ்விளையாட்டெல்லாம் வேட்டைப் பயிற்சியே என்பர் அறிஞர். ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்த இனமாதலின், இருள் பிரியும் வேளையிலும் இருள் கவியும் வேளையிலும் அதற்கு ஊக்கம் மிகும்.

ஜப்பானில் கிஷி என்னும் சிறு இரயில் நிலையத்துக்கு 2007-இல் டாமா என்னும் பூனையையே நிலைய அதிபராக நியமித்துத் தொப்பியும் அணிவித்தார்கள். 2015-இல் அது மறைந்தது. இதை நாம் பெருமையோடு கூறியபோது, "நம் சில்லறை முதலில் காலுறையை வைத்த இடத்தில் விட்டுவைக்கட்டும்; பதவியைப் பிறகு பார்க்கலாம்" என்றாள் மனைவி.

இவை பகல் விளையாட்டுகள். இரவில் பரணேறிப் பாத்திரங்களை உருட்டியதே எமக்குப் பெருந்தொல்லையாயிற்று.

தங்கவயலில் வாழ்ந்த முதியோர் 'ஏர் பிளாஸ்ட்' என்னும் சொல்லை மறந்திரார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பேரழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். மேலே லைன் வீடுகள் அதிரும்; பாத்திரங்கள் உருளும். கணவன்மார் கீழே இருக்க, பெண்டிர் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். எம் தந்தையார் ஒவ்வொரு முறையும் மீண்டு வந்தவர். பின்னர் நோயுற்று வீட்டிலேயே மறைந்தார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது எமக்கு வயது பன்னிரண்டு.

ஒருநாள் நள்ளிரவில் பித்தளை மூடி விழுந்தது. விளக்கேற்றிப் பார்த்தால், அன்னை தாழ்ப்பாளை நீக்கி வாயிலில் நிற்கிறார். "அப்பாவுக்கு இன்றைக்கு எந்த ஷிப்டுடா?" என்றார். "பூனை அம்மா, பூனை" என்றோம். வந்து அமர்ந்தார், உறங்கவில்லை. அவ்வாரத்தில் மும்முறை இவ்வாறு நிகழ்ந்தது.

மனம் ஒப்பாமலே சில்லறையைக் கட்டைப்பையில் வைத்து, ஆண்டர்சன்பேட்டையிலுள்ள உறவினர் வீட்டில் விட்டு வந்தோம். மகள் அன்றிரவு சோறுண்ணவில்லை. வீட்டில் ஓர் ஓசையும் இல்லை. நள்ளிரவில் கண்விழித்தபோது அன்னை சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தார்.

"ஏனம்மா, இன்றைக்குத்தான் சத்தமே இல்லையே?"

"சத்தம் கேட்டால் பூனை என்று நீ சொல்வாய், நானும் படுப்பேன். ஒன்றுமே கேட்காவிட்டால் எதைச் சொல்லிக்கொண்டு படுப்பது? எப்போது கேட்குமோ என்று காது அங்கேயே கிடக்கிறது. போய் அதைக் கொண்டு வாடா."

மறுநாள் மாலை வண்டியை விட்டிறங்கியதும் நேரே ஆண்டர்சன்பேட்டைக்குச் சென்றோம். உறவினர் தடுக்கவில்லை, ஒரே நாளில் அவர் வீட்டுப் பால் செம்பு நெளிந்துவிட்டிருந்தது.

மனைவி பாத்திரங்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினாள். ஆயினும் அன்றிரவே தோசைக்கல் மூடி உருண்டது. நாம் எழுந்து விளக்கைத் தேடுவதற்குள், இருளில் அன்னையின் குரல் கேட்டது:

"பூனைதாண்டா. படு."