முதல் ஸ்டேஜிலிருந்து மீண்டும்

தாம்பரம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு 'பிளாட்பாரம்' என்றால் ரயில் நிலையம்தான். கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று ஓடிக்கொண்டே விசாரித்துப் பழகியவர்கள் நாங்கள். அதே சொல்லுக்கு வீடியோ விளையாட்டு உலகில் வேறொரு பொருள் உண்டு என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. திட்டுகள், பாலங்கள், உத்தரங்கள் ஆகியவற்றின் மீது ஒரு சிறு உருவத்தை ஓடவும் தாவவும் செய்து வழிநடத்திப் போகும் விளையாட்டுகளை 'பிளாட்ஃபார்ம்' விளையாட்டுகள் என்ற ஓரினத்தில் அடக்குகிறார்கள். எங்கள் தெருவில் அவற்றுக்கு 'குதிக்கிற கேம்' என்று பெயர். மற்றவை 'சுடுகிற கேம்', 'கார் கேம்'. இந்த வகைப்பாடு இன்றுவரை எங்களுக்குப் போதுமானதாகவே இருக்கிறது.

குதிக்கிற கேம்களில் தலைசிறந்தது எது? பீர்க்கன்கரணையைச் சேர்ந்த நாங்கள் நால்வர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இதைப் பற்றிச் சர்ச்சை செய்துவருகிறோம். புதுமைப்பித்தனா மௌனியா என்ற வாதத்துக்கு எந்த வகையிலும் குறையாத உக்கிரத்துடன்தான் இதுவும் நடக்கிறது. பேரூராட்சியாக இருந்த எங்கள் ஊர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எங்களில் இருவர் ஊரை விட்டே போய்விட்டார்கள். சர்ச்சை மட்டும் தீரவில்லை. அதில் பேசப்பட்டவற்றை ஒருமுறையேனும் ஒழுங்காகத் தொகுத்துவைக்கலாமே என்ற எண்ணம்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் இவ்விளையாட்டுகள் எங்களை வந்தடைந்த வழியைச் சொல்ல வேண்டும். 1981இல் நிண்டெண்டோவுக்காக ஷிகெரு மியமோட்டோ உருவாக்கிய 'டாங்கி காங்' என்ற விளையாட்டில், உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்து உத்தரங்களில் ஏறிப்போனான் ஒரு தச்சன். அவனே பின்னாளில் மாரியோ ஆனான். 1983இல் நிண்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் எண்ணற்ற போலிகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று பர்மா பஜார் வழியாக, கடற்கரை நிலையத்தில் ரயிலேறி எங்கள் தெருவுக்கு வந்துசேர்ந்தது. கூடவே ஒரு மஞ்சள் கேசட். லட்சக்கணக்கான விளையாட்டுகள் அடங்கியது என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். டி.வி.யில் பட்டியலைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும்.

எங்களுக்குக் கிடைத்த விளையாட்டுகள் பலவற்றில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் தலைப்பே இல்லை. வாடகை நூல்நிலையத்தில் முதல் பக்கங்கள் கிழிந்துபோன நாவலை எடுத்துவந்து, யார் எழுதியது என்று அறியாமலே இரவோடிரவாகப் படித்து முடித்தவர்களுக்கு இந்த அனுபவம் புரியும். ஆசிரியர் பெயரின் துணையின்றி, விமரிசகர் எவருடைய பரிந்துரையுமின்றி, ஆக்கத்தை மட்டும் எதிர்கொண்டோம். நல்லது எது, மட்டமானது எது என்பதை எங்கள் கட்டை விரல்களே தீர்மானித்தன.

சர்ச்சையில் ஒருவருக்கு ஒன்றாக நான்கு கட்சிகள்.

வங்கியில் பணிபுரியும் நண்பரின் கட்சி 'அட்வெஞ்சர் ஐலண்ட்'. ஹட்சன் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. வெள்ளைத் தொப்பியும் இலைப் பாவாடையும் அணிந்தவன் கல் கோடாலியை எறிந்தபடி ஓடுவான். எங்களுக்கு அவன் 'தொப்பிக்காரன்'. நண்பர் முன்வைக்கும் வாதம் பசி. இவ்விளையாட்டில் எதிரி வராவிட்டாலும் உயிர் கரைந்துகொண்டேயிருக்கும். வழியில் கிடைக்கும் பழங்களைத் தின்றுதான் அடுத்த அடி எடுத்துவைக்க முடியும். சில முட்டைகளை உடைத்தால் கத்தரிக்காய் ஒன்று வெளிவந்து, கூடவே திரிந்து உயிரை உறிஞ்சும். "மற்ற கேமில் எல்லாம் எதிரி கொல்லுவான். இதில் சும்மா நின்றாலே சாவு. வாழ்க்கைக்குப் பக்கத்தில் வருவது இதுதான்" என்பார். மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

இரண்டாமவர் பள்ளி ஆசிரியர். அவருடையது கொனாமியின் 'கான்ட்ரா', 1987. இருவர் சேர்ந்து ஆடலாம் என்பதே அதன் பெருமை என்கிறார். குறிப்பாக அந்த அருவி ஸ்டேஜ். இருவரும் பாறைகளில் தாவித் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் திரையும் மேலே நகரும். கீழே தங்கிவிட்டவன் திரையின் அடிவிளிம்பில் செத்துப்போவான். நட்பின் இலக்கணத்தைத் திருக்குறளுக்கு அடுத்தபடியாகக் கற்பித்தது அந்த அருவிதான் என்பது அவர் துணிபு. கான்ட்ரா சுடுகிற கேம், குதிக்கிற கேம் அல்ல என்று மற்ற மூவரும் அதைப் போட்டியிலிருந்தே விலக்க முயன்றோம். "மாரியோ நெருப்பு வீசவில்லையா? தொப்பிக்காரன் கோடாலி எறியவில்லையா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் இல்லை. இலக்கிய வகைமைகளைப் பற்றிய விவாதங்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

மூன்றாமவர் கணிப்பொறித் துறைக்காரர். அவர் கட்சி 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. எங்களுக்கு அது டி.வி. பெட்டியில் வந்ததன்று. கணினி மையத்தில், ஜான் ரொமெரோவின் 'டேஞ்சரஸ் டேவ்' விளையாட்டோடு ஒரே ஃபிளாப்பியில் கிடைத்தது. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் கிட்டத்தட்ட தனியாளாக உருவாக்கி 1989இல் வெளியான ஆக்கம் அது. தம்பியை ஓடவும் தாவவும் தொங்கவும் செய்து வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு சட்டகமாகப் பிரதியெடுத்து இளவரசனின் அசைவுகளை அவர் வரைந்தார். ஆகவே ஓடிவந்த இளவரசன் சட்டென்று நின்றுவிட மாட்டான். தேய்த்துக்கொண்டு இன்னும் ஓரடி நகர்ந்தே நிற்பான். விளிம்பில் நிற்கையில் அந்த ஓரடியே மரணம்.

இளவரசியை மீட்க அறுபது நிமிடம். கணினி மையத்தில் எங்கள் வகுப்பும் அறுபது நிமிடம். ஆனால் நண்பர் அவ்விளையாட்டின் மீது பித்துக்கொள்ளக் காரணம் நிழல். ஆப்பிள் கணினியின் சிறிய நினைவகத்தில் இன்னொரு எதிரியை வரைய இடமில்லாமல் போனபோது, இளவரசனின் உருவத்தையே சற்று மாற்றிக் காட்டி நிழல் மனிதன் ஒருவனை மெக்னர் படைத்தார். கண்ணாடி ஒன்றை ஊடுருவித் தாவுகையில் அவன் பிரிந்து ஓடுகிறான். இறுதிக்கு முன்பு வாளோடு எதிரில் வந்து நிற்கிறான். அவனை வெட்டினால் நமக்கு வலிக்கிறது. வெல்ல ஒரே வழி, வாளை உறையில் இட்டுவிட்டு அவனை நோக்கி நடப்பது. இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இடப் பற்றாக்குறையிலிருந்து அத்வைதம் பிறந்த கதை என்று நண்பர் இதைச் சொல்வார்.

நான்காவது கட்சி எதிர்பார்க்கக்கூடியதுதான்: 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. வண்டலூர் உயிரியல் பூங்கா திறக்கப்பட்ட அதே 1985இல், செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளிவந்தது. எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்காக முப்பத்திரண்டு ஸ்டேஜ்கள். மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைக்க, கோஜி கோண்டோ இசையமைத்தார். அனைத்தும் சேர்ந்து 40 கிலோபைட். இந்தக் கட்டுரையை யூனிகோடில் சேமித்தால் ஏறக்குறைய அவ்வளவு இடத்தைப் பிடிக்கும். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. சிக்கனத்தில் இது குறுந்தொகைக்கு நெருக்கமானது என்று அதை ஆதரிக்கும் நண்பர் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தாலும், அதில் உண்மை இல்லாமலில்லை.

இந்நான்கில் ஒன்றைத் தேர்வது எந்த அளவுகோலால்? வரைகலையின் அழகா, கற்பனையா, பிற்காலத்தவர் மீது செலுத்திய செல்வாக்கா? உலகளாவிய பட்டியல்கள் இவற்றைத்தான் கேட்கின்றன. எங்கள் தெருவில் வேறொரு கேள்வி இருந்தது.

எங்கள் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அதில் இல்லை. மாலையில் மின்சாரம் போய்விட்டால் ஏழாம் உலகம் வரை போனவனும் முதல் ஸ்டேஜுக்கே திரும்ப வேண்டும். போதாததற்கு, இரண்டு ஜாய்ஸ்டிக்குகளில் ஒன்று சீக்கிரமே பழுதாகிவிட்டது. நால்வருக்கு ஒன்று. 'செத்தால் கையைக் கொடு' என்பது சட்டம். ஆக ஒவ்வொருவரின் முறையும் முதல் ஸ்டேஜிலிருந்தே தொடங்கியது. கணக்கிட்டால், நாங்கள் கடைசி ஸ்டேஜ்களைப் பார்த்தது சில தடவைகள். முதல் ஸ்டேஜைப் பார்த்தது பல்லாயிரம் தடவைகள். எனவே எங்கள் கேள்வி எளிமையானது: மீண்டும் முதலிலிருந்து என்று விதிக்கப்பட்டால், மனக்கசப்பின்றித் தொடங்கத் தூண்டுவது எது?

இந்தச் சோதனையில் தொப்பிக்காரனின் பசி மூன்றாம் வாரத்தில் அலுத்தது. கான்ட்ராவுக்கு உற்சாகமான துணை வேண்டும். அது எல்லா நாளும் கிடைப்பதில்லை. இளவரசனின் முதல் தளம் ஒருமுறை வழி தெரிந்துவிட்டால் வெறும் தாழ்வாரம். மாரியோவின் முதல் ஸ்டேஜ் மட்டும் தேயவில்லை. ஏன் என்று பின்னாளில் யோசித்துப் பார்த்தோம்.

திரையின் இடப்பக்கத்தில் மாரியோ நிற்கிறான். வலப்பக்கம் வெட்டவெளி. எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, போகத் தோன்றுகிறது. எதிரே காளான் முகத்தோடு ஒரு ஜந்து வருகிறது. தாவாவிட்டால் சாவு. அடுத்து, கேள்விக்குறி போட்ட கட்டி; முட்டினால் வெளிவரும் காளான் வலப்புறம் ஓடிக் குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்புகிறது. பயந்து ஒதுங்குபவனுக்கும் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். பிறகு எதிரெதிராக இரு படிக்கட்டுகள். இடையில் வெறும் தரை. விழுந்தாலும் ஒன்றுமில்லை. சற்றுத் தள்ளி அதே போன்ற படிக்கட்டுகள். இம்முறை இடையில் பள்ளம். முதலில் ஒத்திகை, பிறகு தேர்வு. ஆங்கிலம் தடுமாறிய எங்களுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தாவல். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம். காற்றில் இருக்கையிலேயே திசையைத் திருத்திக்கொள்ளலாம். இயற்பியலுக்கு ஒவ்வாதது, மனத்துக்கு முற்றிலும் ஒத்தது. கால் தரையை விட்ட பிறகும் முடிவை மாற்றிக்கொள்ள முடிந்தால் என்று ஏங்காதவர் யார்? மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும்போது செங்கல் செங்கலாகப் போட்டு அதன்மேல் கால்வைத்துத்தான் பள்ளிக்குப் போவோம். பாதித் தாவலில், அடுத்த செங்கல் ஆடுகிறது என்று தெரிந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. மாரியோவுக்கு இருந்தது.

இந்த முடிவுக்கு எதிராக வங்கி நண்பர் ஒரு தடை எழுப்பினார். நாம் ஆடியது திருட்டு நகல், அதுவும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1990இன் 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்', 1991இன் 'சோனிக்', மாரியோவை முப்பரிமாணத்தில் ஓடவிட்ட 1996இன் 'சூப்பர் மாரியோ 64' ஆகியவற்றை உரிய காலத்தில் காணாதவர்களுக்குத் தலைசிறந்தது எது என்று சொல்ல என்ன தகுதி? கடுமையான கேள்விதான். ஆனால் இங்கே வாசகர்களில் பலர் தல்ஸ்தோயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் மாஸ்கோவிலிருந்து வந்த மலிவுப் பதிப்புகளின் மொழிபெயர்ப்பில் படித்தவர்கள். ருஷ்ய மொழி தெரியாமல், முழுத் தொகுதிகள் கைக்கெட்டாமல் அவர்கள் அடைந்த ரசனையைப் பொய் என்று சொல்லிவிட முடியுமா? அன்றி, நண்பரின் தொப்பிக்காரனே தூய அசல் இல்லை. செகா வெளியிட்ட 'ஒண்டர் பாய்' விளையாட்டை உரிமம் பெற்று எடுத்து, அதன் நாயகனுக்குப் பதிலாகத் தன் ஊழியர் தகாஹாஷியின் சாயலில் ஒருவனை ஹட்சன் வைத்தது. நகலின் வழியே வந்தாலும் தாவல் தாவல்தான். படைத்தவர்களுக்கு எங்களிடமிருந்து ஒரு காசும் போகவில்லை என்பது தனிக் கணக்கு; அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவர்கள் பெயர்களை இங்கே எழுதுவதை அதன் வட்டியாகக் கொள்ளலாம்.

இன்னும் கூரிய கேள்வி ஆசிரிய நண்பரின் மகளிடமிருந்து வந்தது. அவள் ஆடுவது 2018இல் வெளியான 'செலஸ்ட்'. மன அழுத்தத்தோடு மலையேறும் ஒரு பெண்ணின் கதை. கண்ணாடியிலிருந்து அவளுடைய மறுபாதி வெளியே வந்து மிரட்டுகிறது. இறுதியில் அதை ஏற்றுக்கொண்ட பின்புதான் உச்சி கைகூடுகிறது. கணிப்பொறி நண்பர் தன் நிழல் மனிதனை மீண்டும் கண்டு பரவசமானார். அதில் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அதே திரையில், கண்ணிமைக்கும் நேரத்தில் உயிர்த்தெழலாம். விளிம்பைத் தாண்டிய பின்னும் ஒரு நொடியின் சிறு பகுதிவரை தாவ அனுமதி உண்டு. எங்கள் அளவுகோலை விளக்கியபோது அவள் கேட்டாள்: "திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆடினீர்களே அங்கிள், பிடித்ததாலா, வேறு வழியில்லாததாலா?"

வேறு வழியில்லாததால்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நிர்ப்பந்தம் அந்தக் கேசட்டிலிருந்த எல்லா விளையாட்டுகளுக்கும் சமமாகவே இருந்தது. மற்றவை அதில் ஒவ்வொன்றாக வெளிறின. ஒன்று மட்டும் நிறம் மங்காமல் நின்றது. புத்தகங்கள் குறைவாக இருந்த வீட்டில் ஒரே நாவலை இருபது தடவை படித்தவனுக்குக் கிடைக்கும் தீர்ப்பு, இருநூறு நாவல்களை ஒருமுறை படித்தவனுக்குக் கிடைப்பதில்லை. இரண்டும் தீர்ப்புகளே. எங்களுடையது முதல் வகை.

இதைக் கேட்டு அவள் முழுதும் சமாதானமாகவில்லை. கணிப்பொறி நண்பரும் இளவரசனைக் கைவிடவில்லை. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாரியோவுக்கு முதலிடம் என்று எழுதுங்கள், என் மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள் என்றார். எழுதியாயிற்று.