கிளீனர் சீட்டு

“ஏங்கண்ணு, அதுக்குள்ள கக்கூஸ் இருக்குதா?”

அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். நியூசிலாந்துப் படங்களை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். டெகாபோ ஏரியின் நீலத்தையும் 3,724 மீட்டர் உயரத்தில் பனி மூடி நிற்கும் அவொராகி மலையையும் மளிகைக்கடைக் காலண்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கேம்பர்வேனின் உட்புறப் படம் வந்ததும்தான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் மூன்று பேர். நான், இயற்பியல் துறைத் தோழி, நூலகத்தில் வேலை பார்க்கும் தோழி. நமக்குக் கத்திரி வெயில் தொடங்குகிற நேரத்தில் அங்கே இலையுதிர்காலம். அந்த விடுமுறையில் பதினெட்டு நாள் போய்வரலாம் என்று இரண்டு வருடமாக ஏலச்சீட்டு கட்டிவருகிறோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள வண்டியை வாடகைக்கு எடுத்துப் பகலில் ஓட்ட வேண்டும், இரவில் அதிலேயே தூங்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். நாமக்கல்லில் பிறந்தவளுக்கு என்ன விளக்கம்? லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சத்தத்தில் வளர்ந்தவள் நான். பக்கத்தில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. சங்ககிரியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி, மாதக்கணக்கில் ஊர் சுற்றுவது எங்கள் மாவட்டத்தின் தொழில். ஆண்களின் தொழில்.

அப்பா லாரி டிரைவர். பிறகு பாதிப் பங்குக்கு ஒரு வண்டி வாங்கினார். லைனுக்குப் போனால் தில்லி, குவாஹாட்டி என்று சுற்றி, திரும்ப இருபத்தைந்து நாள் ஆகும். அவருக்கான புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் அம்மா கையால் போகும். தம்பி பத்தாம் வகுப்பு விடுமுறையில் நாக்பூர் வரை போய்வந்தான். எனக்கு வண்டி கழுவும் நாளில் மட்டும் கேபினில் ஏற அனுமதி. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் படுக்கைப் பலகையில் படுத்துக்கொண்டு, நகராத வண்டியில் நான் போகாத ஊரில்லை. 1993இல் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்த செய்தி வந்தபோது அப்பாவிடம் ஆசையாகப் படித்துக் காட்டினேன். “பஸ்ஸுன்னா சரி அம்மிணி, பொழுதோட வூடு வந்துரலாம்” என்றார். அவர் நல்ல மனிதர். ஓட்டுவதை அவர் தடுக்கவில்லை. ராத்திரியைத்தான் தடுத்தார்.

முதுகலை வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் தொல்காப்பிய அகத்திணையியல் நடத்துகிறேன். கடல் கடந்து போவது பெண்ணோடு இல்லை என்று அதில் ஒரு நூற்பா சொல்கிறது. ஒருமுறை பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “மேடம், அப்ப பாஸ்போர்ட் ஆபீஸைத் தொல்காப்பியர்தான் பாத்துக்கிட்டாரா?” என்றாள். வகுப்பே சிரித்தது, நானும்தான். பாலை நிலத்தைப் பெண் கடக்கலாம், அதற்கு உடன்போக்கு என்று பெயர். அந்தப் பெயரிலேயே ‘உடன்’ முதலில் வந்து நின்றுகொள்கிறது. விசா விண்ணப்பத்துக்கு உதவுகிற ஒரு மையத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த நூற்பா ஞாபகம் வந்தது. தங்குகிற ஒவ்வொரு மாதத்துக்கும் ஆளுக்கு ஆயிரம் நியூசிலாந்து டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். என் வங்கிக் கணக்கைக் கொடுத்தேன். அங்கிருந்த தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, “சாரோட ஸ்டேட்மெண்ட் இல்லீங்களா மேடம்?” என்றார். சார் வரவில்லை என்றேன். “அப்ப வண்டி?” நான் ஓட்டுகிறேன் என்றேன். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

ஓட்டுவதில் உண்மையில் பெரிய சிக்கல் இல்லை. அங்கேயும் நம்மைப்போல இடப்பக்கம்தான். சாதாரண கார் லைசென்ஸ் 6,000 கிலோ வண்டி வரைக்கும் செல்லும். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாபோவுக்கு 225 கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று மணி நேரம். பல இடங்களில் ஒற்றை வழிப் பாலங்கள் உண்டு. எதிர்ப்பக்கத்துக்கு முன்னுரிமை என்று பலகை இருந்தால் நின்று, விட்டுக்கொடுத்துப் போக வேண்டும். இதையெல்லாம் தோழிகள் நோட்டுப் போட்டுப் படிக்கிறார்கள்.

அம்மாவுக்குக் கழிப்பறையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அரை நிமிடம் பார்த்தாள். பிறகு நாற்பது வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

1986இல் பெங்களூரில் ஒரு கல்யாணம். லோடு அந்தப் பக்கம் கிடைத்ததால் அப்பா எங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். எனக்கு எட்டு வயது. என் வாழ்க்கையின் மிக அழகான இரவு அதுதான் என்று கவிதையிலேயே எழுதியிருக்கிறேன். அப்போது 7 என்று எண்ணிட்டிருந்த, இப்போது 44 ஆகிவிட்ட நெடுஞ்சாலை. தொப்பூர் ஏற்றத்தில் கீழே தெரிந்த விளக்கு வரிசை. பலகையில் படுத்தபடி நான் எண்ணிய எதிர் வண்டிகள். அம்மாவின் இரவு வேறு.

“மொத நாள் மத்தியானத்துல இருந்து நான் தண்ணி குடிக்கல. அப்படியும் முட்டிக்கிட்டு வந்துருச்சு. கிருஷ்ணகிரி தாண்டி நிறுத்துனாரு. ஆம்பளைங்க எறங்கி வரிசையா நின்னாங்க. எனக்கு உங்கப்பா தார்ப்பாயை மறைச்சுப் புடிச்சாரு. கிளீனர் பையன் அந்தாண்ட திரும்பி நின்னான், பாவம். எதுத்தாப்ல வர்ற லாரிக்காரனெல்லாம் லைட்டு அடிச்சுட்டுப் போறான். ஒக்காந்தேன். வரல கண்ணு. அப்படியே ஏறி ஒக்காந்துட்டேன். பெங்களூர் போய்ச் சேர்ந்தப்ப ஒடம்பு அனலாக் கொதிக்குது. பத்து நாள் நீர்க்கடுப்பு. கல்யாணத்தையே பாக்கல.”

அதற்குப் பிறகு அவள் லாரியில் ஏறவே இல்லை. அம்மாவுக்கு லாரி பிடிக்காது, டீசல் வாசனை ஒத்துக்கொள்ளாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பேருந்திலும் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் குடிப்பதில்லை. சேலத்துக்குப் பரீட்சைத்தாள் திருத்தப் போகும் நாளில் காலை காபியோடு சரி. எங்கள் கல்லூரியின் மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் காலிப் பாட்டிலைத்தான் பையில் வைத்திருப்பார்கள்.

நியூசிலாந்தில் சாலையோரம், ஏரிக்கரை என்று பொது இடங்களில் வண்டியை நிறுத்தித் தங்குவதற்கு 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2023இல் அதைத் திருத்தினார்கள். தன்னிறைவு வண்டி என்ற பச்சைச் சான்று வேண்டுமென்றால் கழிப்பறை வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், கையில் தூக்கி வைக்கிறவை கணக்கில் சேராது. படுக்கையை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். ஏரியும் புதரும் நாறக் கூடாது என்பதற்காக அவர்கள் எழுதிய விதி இது. படுக்கை விரித்திருக்கும்போதும் என்ற அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துச் சொன்னேன். “அப்ப நானும் வர்றேன்” என்றாள். வயது எழுபத்தொன்று. நால்வர் படுக்கும் வண்டியாக மாற்றிக்கொண்டோம்.

அடுத்த வாரக் கூட்டம்தான் இந்தத் திட்டத்தின் கடினமான கூட்டம். அந்தக் கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். சில நாளுக்கு ஒருமுறை அதை வெளியே இழுத்து, அதற்கென்று உள்ள நிலையங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி, திரும்ப மாட்ட வேண்டும். காணொளியைப் பார்த்த இயற்பியல் தோழி முகத்தைச் சுளித்தாள். “இதுக்கு அங்க ஆள் கிடைக்க மாட்டாங்களா?” என்றாள். சொன்ன கணத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் மனதுக்குள் அதே கேள்விதான் இருந்தது, அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நான் தப்பித்தேன். மலத்தைக் கையால் அள்ள வைப்பதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் என்று வகுப்பில் பேசுகிறவள் நான்.

நூலகத் தோழி தலித். அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். சிரித்தது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “எங்க ஆயா கொட்டுனது எங்க குடும்பத்துக்கே போதுங்க. நான் வண்டி ஓட்டுறேன், சமைக்கிறேன், வழி பாக்குறேன். இந்தப் பட்டியல்ல மட்டும் என் பேரை எழுதாதீங்க” என்றாள். நாங்கள் உடனே சரி என்றோம். அப்படி உடனே சரி என்றது பெருந்தன்மையா, வேறு ஏதாவதா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நோட்டில் பட்டியல் இருக்கிறது. ஒரு நாள் நான், ஒரு நாள் இயற்பியல். அம்மா தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். அவள் தலைமுறைக்கும் எங்கள் சாதிக்கும் அது சின்ன விஷயமில்லை. சேர்த்தோம்.

மற்ற ஏற்பாடுகள் எளிதானவை. நாமக்கல்லில் இருந்து போகிறோம், முட்டை கொண்டுபோக முடியாது. உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் 400 டாலர் அபராதம். அம்மா தன் பருப்புப் பொடியை அறிவிக்கத் தயாராக இருக்கிறாள், விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. தென் தீவில் சுற்றிவிட்டு, பிக்டனில் வண்டியோடு கப்பலேறி வெலிங்டன் போவதாகத் திட்டம். மூன்றரை மணி நேரக் கடல். அங்கே தேசிய நூலகத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1893இல் கையெழுத்திட்டவர்களின் நீண்ட தாள் சுருள் இருக்கிறது. நூலகத் தோழிக்கு அதைப் பார்க்க வேண்டும். எனக்கு தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ள தமிழ் மணி. ஒரு கப்பலின் வெண்கல மணி, ஓரத்தில் தமிழெழுத்தில் கப்பல்காரரின் பெயர். அது எப்படி அங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. 1830களில் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டபோது மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு, பானையாக வைத்துக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு அவர் அதை வாங்கிக்கொண்டார். கடல் கடந்த தமிழ் என்று மேடையில் பேசுகிறவர்கள் மணியைச் சொல்வார்கள், கிழங்கைச் சொல்ல மாட்டார்கள்.

பெரிய வண்டி பழக வேண்டும் என்பதற்காக மாமா பையனின் பொலிரோ பிக்கப்பை வாங்கிக்கொண்டு போன மாதம் கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. அம்மாவும் கூட வந்தாள். வழக்கம்போலக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. நாற்பதோ ஐம்பதோ, ஒரு வளைவில் எதிரே பேருந்து வந்துவிட்டது. பின்னால் எடுத்தாக வேண்டும். தார்ப்பாய் கட்டிய வண்டி, கண்ணாடியில் பாதிதான் தெரிகிறது. என் கால் நடுங்கியது.

நான் சொல்வதற்குள் அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

“வரலாம்... வரலாம்... லெப்ட்டுல ஒடி... வரலாம்... போதும்.”

பேருந்து போனதும் திரும்ப வந்து ஏறினாள். மூச்சு வாங்கியது. “அங்க போயும் இந்த சீட்டு எனக்குத்தான். அவளுக ரெண்டு பேரையும் பின்னால ஒக்காரச் சொல்லிப்போடு” என்றாள்.